முன்பு என் வாய், பின்பு உன் மாமியாரின் வாய்

மகனே,

இதை உன் போனுக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நீ கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்த ஆளின் வாயைத் திறக்கப் போய்விடுவாய். அதனால்தான் நம் வாசகசாலையின் ஆண்டு மலருக்கு எழுதுகிறேன். வழக்கமாக இந்த மலரில் நான் எழுதுவது சிரிப்புக் கட்டுரை. பக்கத்து வீட்டுக் கோழி, பஞ்சாயத்துத் தேர்தல், பள்ளிக்கூடத்து உப்புமா என்று எதையாவது இழுத்துப்போட்டு உரிப்பேன். இந்த வருஷமும் டீச்சரிடம் சிரிப்புத்தான் கேட்டார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஜங்ஷனில் ஊர் பார்க்க என் வாயைத் திறந்து வைத்தவன் நீ. பதிலையும் ஊர் பார்க்கத்தான் சொல்ல வேண்டும். மலர் வியாழக்கிழமை வெளியாகிறது. சனிக்கிழமை உன் பல் ஆஸ்பத்திரித் திறப்பு. ரிப்பன் வெட்ட அம்மா வரவேண்டும் என்று நீ மூன்று தடவை சொல்லி அனுப்பிவிட்டாய். வருவேனா மாட்டேனா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதை மட்டும் படிக்கலாம் என்று கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. சின்ன வயதில் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை பார்த்தே வளர்ந்தவன் நீ.

முதலில் என் பற்கள் போன கதை. உன்னைப் படிக்கவைக்க ஓடி ஓடி, பல்லைக் கவனிக்க நேரமில்லாமல் இழந்தேன் என்று எழுதினால் படிக்கிறவர்கள் கண்ணைத் துடைப்பார்கள். நம் சபையில் இரண்டொரு பேரிடம் அப்படிச் சொல்லியும் இருக்கிறேன். அது பொய். எனக்கு ஊசியென்றால் பயம். நாற்பது வயதில் ஈறு வீங்கி ரத்தம் வந்தபோது உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். பல் ஆடியபோது ஆடாத பக்கம் வைத்து மென்றேன். இரண்டு பக்கமும் ஆடியபோது கஞ்சி குடித்தேன். கூடவே சர்க்கரை வியாதி வந்து குடியேறியது. கடைசியில் ஒரு டாக்டர் என் வாயைப் பார்த்து, "டீச்சரே, இதில எடுக்கிறதுக்குத்தான் உண்டு, வைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லி, நாலு தவணையில் எல்லாவற்றையும் பிடுங்கினார். ஒரு ஊசிக்குப் பயந்தவள் முப்பது ஊசி வாங்கினேன். நீ அப்போது பிளஸ் டூ. "அம்மா, நான் பல் டாக்டருக்குப் படிச்சு உங்களுக்கு ஒறப்பா பல்லு வச்சுத் தாறேன்" என்று அடுக்களையில் நின்று சொன்னாய். நான் அதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஆசிரியைகள் அறையில் அந்த வசனத்தைக் கேட்காத நாற்காலி இல்லை.

பிடுங்கிய இடத்துக்குப் பல் செட் வந்தது. அதில் மேல் செட் நல்ல பிள்ளை. அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு சொன்னபடி கேட்டது. கீழ் செட் பிடிவாதக்காரி. பிடித்து நிற்க மேடு இல்லாமல், நாக்கு தட்டினால் எழும்பும், தும்மினால் இறங்கிப்போகும். ஒரு நாள் ஏழாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது தும்மினேன். கீழ் செட் பாய்ந்துபோய் பதிவேட்டின் மேல் உட்கார்ந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு, "இவங்களும் ஆஜர்னு எழுதுங்க பிள்ளைகளே" என்றேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இந்தக் கதையை உன்னிடம் சொன்னபோது நீயும் சிரித்தாய். மிச்சத்தைச் சொன்னதில்லை. மணி அடித்ததும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, அடுத்த மணி அடிக்கும்வரை நான் வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு விருந்து வீடுகளில் சாப்பிடுவதை நிறுத்தினேன். கேட்டால் உபவாசம் என்பேன். கல்யாணத்துக்குக் கல்யாணம் உபவாசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் பாஸ்டர் பிரசங்கத்தில், விருந்து நடுவிலும் உபவாசம் காக்கிற ஒரு சகோதரி நம் சபையில் உண்டு என்று என்னைப் புகழ்ந்தே விட்டார். கர்த்தருக்கு உண்மை தெரியும். மட்டன் எலும்பைக் கடிக்க முடியாததால் பக்தியானவள் நான் ஒருத்திதான்.

நீ படித்து முடித்தாய். திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய பல் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாய். தாடை எலும்பில் திருகு இறக்கி அதன்மேல் செட்டைப் பொருத்துகிற இம்பிளான்ட் வித்தையில் தனியாகப் பயிற்சியும் எடுத்தாய். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்தாய். நான் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தேன். எதற்கென்று கேட்காதே, வாக்கு நிறைவேறுகிற நாளல்லவா! உதட்டை இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கொக்கியால் இழுத்துப் பிடித்து, செட் இல்லாத வாயை எட்டுப் பத்து படம் எடுத்தாய். எக்ஸ்ரே எடுத்தாய். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாய். "எலும்பு இல்ல அம்மா. வருஷக்கணக்கில செட்டு வச்சு தேஞ்சு போச்சு. சுகரும் உண்டு. நமக்கு இந்த செட்டே மதி" என்றாய். போதும் என்று நானும் தலையாட்டினேன். டாக்டர் மகன் சொன்னால் எலும்பு இல்லைதான். வரும் வழியில் பஸ்ஸில் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எலும்பு இல்லாமல் இவ்வளவு வருஷம் எப்படிப் பேசினேன் என்று யோசித்து நானே சிரித்துக்கொண்டேன்.

அப்புறம் உன் மாமியார். காட்டாக்கடைக்காரி, நல்ல மனுஷிதான். அவளைப் பற்றிப் புரணி பேசக்கூடாது என்று முடிவெடுத்துத்தான் உட்கார்ந்தேன், கை கேட்கவில்லை. அவளுக்கும் பல் இல்லை. அவளுக்கும் சர்க்கரை. லட்டு எண்ணித் தின்னுகிற பழக்கம் அவளிடம் கிடையாது. ஆனால் ஆறே மாதத்தில் அவளுக்கு இம்பிளான்ட் வைத்து முடித்துவிட்டாய். உன் குழந்தையின் ஞானஸ்நான விருந்தில் அவள் கல்லாட்டம் இருந்த ஒரு முந்திரிக்கொத்துப் பலகாரத்தை எடுத்துக் கடித்தாள். பந்தலின் இந்தக் கோடியில் இருந்த எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. "எனக்க மருமகனுக்க கையாக்கும்!" என்று ஊருக்கெல்லாம் வாயைத் திறந்து காட்டினாள். என் பக்கத்தில் இருந்தவள், "டீச்சருக்கு எப்பளாக்கும்?" என்று கேட்டாள். எனக்கு உபவாசம் என்றேன். கேட்டது அதுவல்ல என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இதையும் முழுங்கியிருப்பேன். மெல்லாமல் முழுங்குவதில் எனக்குப் பயிற்சி உண்டு. ஆனால் இந்த ஜூன் மாதத்து இடவப்பாதி மழைக்கு முன்னால் ஒரு காலையில் மீன்காரி சட்டியை இறக்கிவைத்துவிட்டு, "டீச்சரே, ஜங்ஷன்ல உங்க வாயி நிக்குது, கண்டியளா?" என்றாள்.

"எனக்க வாயி எனக்க மூஞ்சியிலதானே நிக்குது?"

"அதில்ல டீச்சரே. பல்லில்லாத வாயி. ஒரு ஆளு ஒயரம் உண்டு. மச்சத்தைக் கண்டுல்லா எனக்குத் தெரிஞ்சுது."

போய்ப் பார்த்தேன். விரைவில் திறக்கவிருக்கிற உன் ஆஸ்பத்திரியின் ஃபிளெக்ஸ். தமிழிலும் மலையாளத்திலும் இரண்டு கட்டம். முன்பு என்ற கட்டத்தில் மூக்குக்குக் கீழே என் வாய், கொக்கி மாட்டி இழுத்தபடி, மேலுதட்டு மச்சத்தோடு. பின்பு என்ற கட்டத்தில் உன் மாமியாரின் சிரிப்பு, கழுத்தில் அந்தத் தடித்த சங்கிலியோடு. ஒரே ஆள் போல. உன் நாற்காலியில் என்னை உட்காரவைத்தால் எழுந்து வரும்போது காட்டாக்கடைக்காரி ஆகிவிடுவேன் போல. ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவன் இன்னொருவனிடம், "எடேய், டாக்டர் மூஞ்சியையே மாத்துவாரு போல" என்றான். என்னைக் கண்டதும் இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். இரண்டு பேருமே என்னிடம் படித்தவர்கள். அவர்கள் எழுந்து நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன் செய்தேன். "பேரு போடலியே அம்மா, வாய் மட்டும்தானே, ஆருக்குத் தெரியும்?" என்றாய். மீன்காரிக்குத் தெரியும் என்றேன். நீ சிரித்தாய். பிறகு, ஏதோ என்னைப் பாராட்டுகிறவன் போல, "இவ்வளவு நல்ல பிஃபோர் வேற ஒண்ணும் கிடைக்கல்ல அம்மா" என்றாய். மகனே, முப்பத்தொரு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த வாக்கியத்தை மட்டும் எனக்குத் திருத்தத் தெரியவில்லை. மாற்றிவிடுகிறேன் என்றாய். மாற்றவில்லை. மழைக்காற்று வந்து கிழித்துக் கீழே தள்ளியது. நீ செய்யாததை மழை செய்தது. கிழிந்த ஃபிளெக்ஸை யாரோ கொண்டுபோய் ஆட்டுக்கூட்டுக்கு மேல் கூரையாகக் கட்டியிருக்கிறார்கள். என் வாய் உள்பக்கம். ஆடு அண்ணாந்து பார்த்துக்கொண்டே இலை தின்கிறது. அதற்காவது பல் இருக்கிறது.

இப்போது என் குற்றம். உன்னை மட்டும் திட்டிவிட்டு நான் கைகழுவிப் போனால், இதைப் படிக்கிற குன்னத்துகால் ஊர்க்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். அங்கே ஒருத்தி இருக்கிறாள், உன் அப்பாவின் அக்காள், நான் மைனி என்று கூப்பிடும் உன் அத்தை. ரப்பர் தோட்டத்துச் சரிவில் விழுந்து முன்பற்களை இழந்து, முப்பத்தைந்து வயதிலேயே மேல் செட் வைத்தவள். சபையின் பாடகர் குழுவில் முதல் குரல் அவளுடையது. உனக்கு ஏழு வயதிருக்கும்போது, அறுப்பின் பண்டிகை நாளில், அவள் நம் வீட்டில் குளிக்கப் போகும்முன் செட்டைக் கழற்றித் தம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டுப் போனாள். நம் சபைக் கோயிலில் அறுப்பின் பண்டிகை ஏலம் எப்படி நடக்கும் என்பது உனக்குத் தெரியும்: வாழைக்குலை, சேவல், பலாக்காய் எல்லாம் போனபிறகு, உள்ளே என்னவென்று சொல்லாமல் பொதிந்து கட்டிய ஒரு பொட்டலத்தை ஏலம் விடுவார்கள். அந்த வருஷம் பொட்டலம் கட்டும் பொறுப்பு என்னுடையது. நான் அவளுடைய பல் செட்டைச் செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் இன்னொரு தாளில் சுற்றி, ரிப்பன் கட்டிக் கொடுத்தனுப்பினேன்.

ஏலம் கூறியது உன் அப்பா. ஒரு தரம், ரெண்டு தரம் என்று கத்தி நூறு ரூபாய்க்கு விட்டார். எடுத்தவர் பிரிக்கச் சொன்னார். உன் அப்பாவே பிரித்தார். தன் அக்காளின் பல்லைக் கையில் பிடித்துக்கொண்டு சபை முன்னால் நின்றார். கோயில் அதிரச் சிரிப்பு. நீ என் மடியில் இருந்து குதித்துக் குதித்துச் சிரித்தாய். மைனி நம் வீட்டில் செட்டைத் தேடித் தேடிவிட்டு, அது இல்லாமலே முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. அன்று அவள் பாடவில்லை. பிறகும் பாடவில்லை. சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் அன்றைக்கு வந்தது, இன்றும் போகவில்லை. உன் அப்பா ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. அந்தக் கதையை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொன்னேன், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெருகேற்றி. உன் அப்பா சாகும்வரை அந்தக் கதைக்கு எழுந்து வெளியே போனார். நீ மட்டும் கடைசிவரை உட்கார்ந்து கேட்டாய். அடுத்தவர் வாயை ஊர் முன்னால் பிரித்துக் காட்டலாம் என்பதை நீ கல்லூரியிலா படித்தாய்? என் மடியில் படித்தாய்.

ஃபிளெக்ஸ் வந்த வாரம் ஒருவரும் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. எல்லோருக்கும் சங்கடம். மைனி மட்டும் வந்தாள், குடையை வாசலில் சாத்திவிட்டு அடுக்களைக்கே வந்தாள்.

"எனக்க பல்லு நூறு ரூவாய்க்காவது ஏலம் போச்சு பிள்ளே. உனக்க வாயை உனக்க மவன் சும்மால்லா தூக்கிக் குடுத்திட்டான்."

இருபத்துச் சொச்சம் வருஷம் வைத்திருந்து சொன்னாள். என்னைவிட நல்ல சிரிப்புக் கட்டுரைக்காரி அவள்; எழுதவில்லை, அவ்வளவுதான். நான் அழுதேன். அவள் சாயா போட்டுத் தந்துவிட்டு, "எழும்பு. வேற டாக்டர் இல்லியா இந்த நாட்டில?" என்றாள்.

இரண்டு பேரும் பஸ் ஏறித் திருவனந்தபுரம் போனோம். நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி இருக்கும் தெரு வழியே போகாத பஸ். ஒரு சின்னப் பெண் டாக்டர், மலையாளத்துக்காரி, ஸ்கேன் எடுத்துப் பார்த்தாள். "எல்லில்லெந்நு ஆரா அம்மே பறஞ்ஞது?" என்று கேட்டாள். பின்பக்கம் தேய்ந்திருக்கிறது, கீழ்வரிசை முழுக்க நிலையான பல் கட்ட எலும்பு போதாது. ஆனால் தாடையின் முன்பக்கம் நன்றாக இருக்கிறது, அங்கே இரண்டு இம்பிளான்ட் வைத்து அதில் கீழ் செட்டை மாட்டலாம், சர்க்கரை மட்டும் குறைய வேண்டும் என்றாள். எலும்பு இல்லை என்று யார் சொன்னது என்று மறுபடியும் கேட்டாள்.

"ஒரு டாக்டர்" என்றேன்.

"எவிடத்தெ டாக்டர்?"

"கொஞ்சம் தூரத்தில உள்ள ஆளாக்கும்."

மைனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நீ சொன்னது முழுப் பொய் இல்லை என்று எனக்கு இப்போது தெரியும். பாதி உண்மை. மீதிப் பாதிக்கு என்ன காரணம் என்று பஸ்ஸிலும் படுக்கையிலும் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒருவேளை அம்மாவின் தாடையில் துளை போட உனக்குக் கை நடுங்கியிருக்கலாம். பயந்தவளுக்குப் பயந்தவன் பிறப்பது அதிசயமில்லை. "பயமாட்டு இருக்கு அம்மா, வேற ஆளுகிட்ட போவோம்" என்று நீ சொல்லியிருந்தால், உன் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருப்பேன். அல்லது, இரண்டே இரண்டு வைக்கிற சின்ன வேலைக்கு நேரம் ஒதுக்க உனக்குத் தோன்றவில்லை. உன் மாமியாருக்கு வைத்ததுபோல ஊருக்குக் காட்டுகிற வேலை இல்லையே அது. எது என்று எனக்குத் தெரியாது. முதலாவதாக இருக்கட்டும் என்று ஜெபித்திருக்கிறேன். ஜெபித்துவிட்டு நம்பவில்லை.

ஊசி போட்டார்கள். பயந்தேன். மைனி என் காலைப் பிடித்துக்கொண்டு, "எலும்பு இல்லாதவளுக்கு எதுக்குப் பயம்?" என்றாள். வாயில் ரத்தத்தோடு சிரித்தேன். எலும்பும் திருகும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள மூன்று மாதத்துக்கு மேல் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தேன். மரச்சீனிக் கிழங்கைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், தினமும் கால்வாய்க் கரை வரை நடந்தேன், சர்க்கரை அடங்கியது. போன வாரம் செட்டை மாட்டினார்கள். சட்டையின் அழுத்துப் பொத்தான் போல, டக் என்று உட்கார்ந்தது. நாக்கால் தள்ளினேன், அசையவில்லை. ராத்திரி கழற்றிக் கழுவ வேண்டும், திருகைச் சுற்றித் துலக்க வேண்டும். சொந்தப் பல்லுக்குச் செய்யாத சேவையெல்லாம் இதற்குச் செய்கிறேன். உனக்கு நான் சொல்லவில்லை. இதைப் படிக்கும்போதுதான் நீ அறிகிறாய், ஊரோடு ஊராக. ஃபிளெக்ஸை நான் அறிந்ததுபோல.

முதன்முதலில் கடித்தது மைனியின் வீட்டு அடுக்களையில், ஒரு முந்திரிக்கொத்து. நல்ல சத்தம் வந்தது. காட்டாக்கடை வரை கேட்டிருக்கும் என்று சொல்ல வாயெடுத்து, மைனியைப் பார்த்தேன். அவளுடைய கொத்தைச் சாயாவில் முக்கி, ஊறட்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள். அவள் செட் இப்போது தொளதொளத்துவிட்டது. கீழ்ப் பற்களும் பாதிக்குமேல் போய்விட்டன. எனக்குத் துணையாக அத்தனை முறை வந்தவள், ஒரு தடவைகூட அந்த நாற்காலியில் தான் உட்காரக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கையில் இருந்த மிச்சத்தைத் தட்டில் வைத்தேன். அப்போதுதான் மன்னிப்புக் கேட்டேன். அவள், "சாயா ஆறுது, குடி" என்றாள். அது மன்னிப்பா இல்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

ஆகவே, சனிக்கிழமை. வருவேன். ரிப்பன் வெட்டமாட்டேன், உன் மாமியார் வெட்டட்டும், அவளுக்குச் சங்கிலியும் பொருத்தமாக இருக்கும். உன் நாற்காலியில் நான் உட்கார மாட்டேன். யார் கேட்டாலும், இந்தப் பல் என்னைத் தெரியாத ஒரு டாக்டர் வைத்தது என்று சொல்வேன். உன் கம்ப்யூட்டரில் இருக்கும் என் வாயை எல்லாம் அழித்துவிடு. அழித்தேன் என்று எனக்குச் சொல்லவேண்டாம். எனக்கு நம்பத் தெரியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன், அம்மாவாக அல்ல, ஒரு ஏலக் குற்றவாளி இன்னொருவனிடம் கேட்பதாக வைத்துக்கொள்: உன் நாற்காலியில் முதலில் உட்காருவது அத்தையாக இருக்கட்டும். எலும்பு இருக்கிறதா என்று நன்றாகப் பார். இல்லையென்றால் இல்லை என்று சொல். இருந்தால் இருக்கிறது என்று சொல். உனக்குக் கை நடுங்கினால் அதையும் சொல்.

அவளிடம் நேற்றுக் கேட்டேன், மைனி, சனிக்கிழமை வருவியா என்று. சாயா தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு கையால் வாயை மூடிக்கொண்டு சொன்னாள்:

"வாறேன். அவன் போட்டோ எடுக்கமாட்டான்னா வாறேன்."

உன் சார்பில் நான் வாக்குக் கொடுக்கவில்லை. "அதை அவன்கிட்டத்தான் கேக்கணும் மைனி" என்றேன்.